பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓவர்டிரைவ் வேண்டுமா?

சமதளச் சாலையில் நண்பனோடு பந்தயம் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? ஒரு கட்டத்திற்குமேல் கால்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தொடையில் வலு இன்னும் மிச்சமிருக்கும். ஆனால் பெடல் அதைவிட வேகமாகச் சுற்ற மறுக்கும். 'முன்னால் உள்ள பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால்!' என்று அப்போது தோன்றும். இதே ஏக்கம் சில பழைய கார்களுக்கும் உண்டு. அந்த ஏக்கத்தைத் தீர்க்க வந்த கருவியின் பெயர்தான் ஓவர்டிரைவ்.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. நான்கு சிலிண்டர், 1,798 கன சென்டிமீட்டர் எஞ்சின், நான்கு கியர். ஓவர்டிரைவ் பல ஆண்டுகள் வரை தனிப் பணம் கட்டிப் பெறவேண்டிய பொருளாகவே இருந்தது. 1975இல்தான் பிரிட்டனில் விற்கப்பட்ட எல்லாக் கார்களுக்கும் பொதுவாயிற்று. எனவே ஓவர்டிரைவ் இல்லாத பழைய கார்கள் நிறைய இருக்கின்றன.

பர்மிங்ஹாமில் ஒருவர் 1972ஆம் ஆண்டுக் கார் ஒன்றை ஓவர்டிரைவ் இல்லாமல் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மாதம் ஒருமுறை லண்டனிலுள்ள வயதான தாயாரைப் பார்க்க அதில் போகிறார். தூரம் சுமார் 190 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 160 கி.மீ. மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலை. அங்கே வேக வரம்பு மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கி.மீ. வீடு சேரும்போது எஞ்சினின் இரைச்சல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கையில் கொஞ்சம் சேமிப்பு உண்டு. ஆனால் காரின் அடிப்பக்கத் தகடுகளில் துருவும் பிடித்திருக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் போதும். ஓவர்டிரைவ் போடுவதா, துருவைச் சரிசெய்வதா? அவருக்கு நாம் யோசனை சொல்லவேண்டும். கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காண்போம். நான்காவது கியரில் எஞ்சினின் சுழற்சி மாறாமல் அப்படியே பின்னால் செல்கிறது, விகிதம் 1. பின் அச்சிலுள்ள பற்சக்கரங்கள் அதை 3.909 மடங்கு குறைத்துச் சக்கரத்துக்குத் தருகின்றன. சக்கரம் ஒருமுறை உருண்டால் கார் ஏறத்தாழ 1.88 மீட்டர் நகர்கிறது. மணிக்கு 112 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,867 மீட்டர். இதை 1.88ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 993 சுற்று. 3.909ஆல் பெருக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,880 சுற்று.

இது ஆபத்தான வேகமன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின் தன் முழுத் திறனைத் தருவதே 5,400 சுற்றில்தான். ஆனால் முழுத் திறனுக்குத் தகுதியுள்ள ஒருவன் அரைமணி நேரம் ஓடுவது வேறு, இரண்டு மணி நேரம் ஓடுவது வேறு அல்லவா?

இப்படி ஏன் அமைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் முதல் மோட்டார்வே திறக்கப்பட்டது 1958 டிசம்பரில்தான். எம்-1 என்ற புகழ்பெற்ற சாலையின் முதற்பகுதி 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. அதுவரை அந்நாட்டுச் சாலைகள் வளைவும் மேடும் நிறைந்தவை. ஊருக்கு ஊர் வேகத்தைக் குறைத்து மீண்டும் கூட்டவேண்டும். கியரை மாற்றாமலே மேடேறும் கார் நல்ல கார் என்று மக்கள் எண்ணினார்கள். ஆகவே மேல் கியரிலும் இழுவிசை தாராளமாக இருக்கும்படி விகிதத்தை வைத்தார்கள். அந்தச் சாலைக்கு அது சரியான விடை. பின்னர் சாலை மாறிவிட்டது; காரின் பற்சக்கரங்கள் மாறவில்லை.

இனி ஓவர்டிரைவுக்குள் நுழைவோம். எட்கர் டி நார்மன்வில் என்ற பொறியாளரின் அமைப்பு இது. ஷெஃபீல்டு நகரத்து லேகாக் நிறுவனம் தயாரித்தது. கியர் பெட்டியின் பின்புறத்தில் ஒரு வாலைப்போல ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதோ ஒரு சிறிய சூரியக் குடும்பம்!

நடுவே ஒரு பற்சக்கரம். அதைச் சூரியன் என்போம். அதைச் சுற்றிச் சில சிறு பற்சக்கரங்கள், அவை கோள்கள். கோள்களெல்லாம் ஒரே தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வெளியே, உட்புறத்தில் பல் வெட்டிய ஒரு பெரிய வளையம். எஞ்சினிலிருந்து வரும் தண்டு கோள்களின் தாங்கியைச் சுற்றுகிறது. வளையம் பின்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டோடு இணைந்திருக்கிறது. சூரியனோ இரண்டுக்கும் சொந்தமில்லாமல் தனித்து நிற்கிறது. அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சூரியனை வளையத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் எந்தப் பல்லும் மற்றொன்றின்மேல் உருள முடியாது. முழுக் குடும்பமும் ஒரே கட்டையாகச் சுற்றும். எஞ்சின் ஒரு சுற்று, வெளித்தண்டு ஒரு சுற்று. இது சாதாரண நிலை.

சூரியனை அசையாமல் பிடித்து நிறுத்தினால்? சூரியனுக்கு 21 பற்கள், கோளுக்கு 36, வளையத்துக்கு 93 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீங்கள் குடைராட்டினத்தில் அமர்ந்திருப்பதுபோல் கோள்களின் தாங்கிமேல் அமர்ந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறீர்கள். ராட்டினத்தில் இருப்பவருக்குக் கீழே நிற்கும் மரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தோன்றும். அதேபோல் உங்களுக்கு, நிற்கும் சூரியன் ஒரு சுற்றுப் பின்னோக்கிச் சுற்றியதாகத் தோன்றும். சூரியன் பின்னோக்கி 21 பற்கள் நகர்ந்தால் இடையிலுள்ள கோள் திசையைத் திருப்பிவிடும். வளையம் 21 பற்கள் முன்னோக்கி நகரும். அதாவது உங்கள் பார்வையில் வளையம் 21/93 சுற்று முன்னே போகிறது. நீங்களே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறீர்கள். ஆகவே தரையில் நிற்பவருக்கு வளையம் சுற்றியது 1 + 21/93, அதாவது ஏறத்தாழ 1.23 சுற்று. கோளின் பற்கள் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அது திசை திருப்பும் வேலையை மட்டுமே செய்கிறது.

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற, வெளித்தண்டு அதைவிடக் கூடுதலாகச் சுற்றுகிறது. மற்றக் கியர்கள் எல்லாம் சுழற்சியைக் குறைப்பவை, அல்லது அப்படியே விடுபவை. இது ஒன்றுதான் மிஞ்சிப்போவது; பெயரின் காரணம் அதுவே. 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி.யில் வந்த ஓவர்டிரைவின் விகிதம் 0.82. வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 0.82 சுற்றுச் சுற்றினால் போதும்.

சூரியனைப் பூட்டுவதும் நிறுத்துவதும் எப்படி? சூரியனோடு ஒரு கூம்பு வடிவக் கிளட்ச் இணைந்திருக்கிறது. வலுவான சுருள்வில்கள் அதை வளையத்தின்மேல் அழுத்தி வைத்திருக்கும். ஓட்டுநர் ஒரு விசையைத் தட்டினால் மின்னோட்டம் ஒரு வரிச்சுருளுக்குச் சென்று வால்வு ஒன்றை இயக்கும். கியர் பெட்டியின் தண்டால் இயங்கும் சிறு பம்பு எண்ணெயைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 28 கிலோ அழுத்தத்தில் இரண்டு சிறு பிஸ்டன்களுக்குத் தரும். அவை வில்களை எதிர்த்துக் கூம்பை மறுபுறம் தள்ளி, அசையாத ஒரு பிரேக் வளையத்தோடு அழுத்திவிடும். சூரியன் நின்றுபோகும். கிளட்சை மிதிக்க வேண்டியதே இல்லை. கூம்பு ஓரிடத்தை விட்டு மற்றோரிடத்தை அடையும் இடைவெளியில் காரின் இழுப்பு அறுந்துபோகாமல் காக்க, சைக்கிளின் ஃப்ரீவீல் போன்ற ஒருவழி உருளைக் கிளட்ச் ஒன்றும் உண்டு. பின்னோக்கிச் செல்லும் கியரில் ஓவர்டிரைவ் இயங்கினால் இந்த உருளைகள் நொறுங்கிவிடும்.

அதனால் மேல் இரண்டு கியர்களில் மட்டுமே மின்னோட்டம் செல்லும்படி கியர் பெட்டியில் ஒரு காவல் விசை வைத்திருக்கிறார்கள். முதல் கியரில் ஏன் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் கியரின் விகிதம் 3.44. எஞ்சினின் முறுக்குவிசை அத்தனை மடங்காகப் பெருகிக் கூம்பின்மேல் விழுந்தால் அது வழுக்கிவிடும்.

இப்போது நம் நண்பரின் கணக்குக்குத் திரும்புவோம். 3,880ஐ 0.82ஆல் பெருக்கினால் 3,180. நிமிடத்துக்கு 700 சுற்றுகள் மிச்சம்! ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு சுற்றில் 88.9 மில்லிமீட்டர் ஏறி, அதே தூரம் இறங்குகிறது. அதன் சராசரி வேகம் நொடிக்கு 11.5 மீட்டரிலிருந்து 9.4 மீட்டராகக் குறைகிறது.

இதைவிட முக்கியமானது விசை. பிஸ்டன் மேல்முனையை அடைந்து நின்று திரும்பும்போது அதை இழுத்துப் பிடிக்க விசை வேண்டும். அது ஏறத்தாழ mrω² என்பதை நீங்கள் வட்ட இயக்கப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிஸ்டனும் அதைச் சேர்ந்த பாகங்களும் 0.6 கிலோகிராம் என்று கொள்வோம். ஆரம் 88.9இல் பாதி, அதாவது 0.0444 மீட்டர். 3,880 சுற்றில் கோண வேகம் நொடிக்கு 406 ரேடியன். விசை சுமார் 4,400 நியூட்டன். அரைக் கிலோவுக்குச் சற்றே மிகுந்த ஒரு பொருளைத் திருப்ப 450 கிலோ எடைக்குச் சமமான விசை! ஓவர்டிரைவில் இது ஏறத்தாழ 2,960 நியூட்டன், 300 கிலோ எடை. சுழற்சி 18 விழுக்காடு குறைய, விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இருமடி விதி செய்யும் வேலை இது. தாங்கிகளின் தேய்மானமும் அதிர்வும் இரைச்சலும் குறைவதற்கு இதுவே பெரிய காரணம். (கூரையை மடக்கிவிட்டு ஓட்டினால் காற்றின் இரைச்சல் மட்டும் குறையாது. அதற்கு எந்தப் பற்சக்கரமும் மருந்தில்லை.)

'சுற்றுகள் 18 விழுக்காடு குறைந்தால் பெட்ரோலும் 18 விழுக்காடு மிச்சமாகுமே!' என்று இந்நேரம் சிலர் துள்ளியிருப்பீர்கள். என் வகுப்பிலும் ஆண்டுதோறும் யாராவது இப்படிச் சொல்வதுண்டு. பொறுங்கள். 112 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் டயரின் உருள் உராய்வும் சேர்ந்து ஏறத்தாழ 560 நியூட்டன் என்று கொள்வோம். வேகம் நொடிக்கு 31.1 மீட்டர். தேவைப்படும் திறன் இரண்டின் பெருக்கம்: 17.4 கிலோவாட். எந்தக் கியரில் ஓட்டினாலும் காற்று இந்த வாடகையை ஒரு காசு குறைக்காமல் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் தன் உள் உராய்வுக்கும் காற்றை உள்ளிழுப்பதற்கும் செலவிடுவது தனி. அது 3,880 சுற்றில் சுமார் 9 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 26.4. ஓவர்டிரைவ் இந்த 9ஐ மட்டுமே தொட முடியும்; அது 7.4 ஆகும். மொத்தம் 24.8. சேமிப்பு 6 விழுக்காடு.

இதோடு சிறிய லாபம் ஒன்றும் சேரும். சுற்றுகள் குறைந்ததால் அதே திறனைத் தர எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் முறுக்குவிசை தரவேண்டும்: 43 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 52. அதற்காக ஓட்டுநர் ஆக்சிலேட்டரைச் சற்று அதிகம் அழுத்துவார். காற்று நுழையும் வழி அகலமாகும். மூக்கைப் பாதி மூடிக்கொண்டு மூச்சிழுப்பதற்கும் திறந்து இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. எல்லாம் சேர்த்து 6 முதல் 8 விழுக்காடு என்று கொள்ளலாம்.

நண்பர் ஆண்டுக்கு மோட்டார்வேயில் ஓட்டுவது 12 × 2 × 160 = 3,840 கி.மீ. 100 கி.மீ.க்கு 9 லிட்டர் என்றால் செலவு 346 லிட்டர். மிச்சம் 20 முதல் 30 லிட்டர், சுமார் இரண்டு குடம். புதுப்பித்த ஓவர்டிரைவ் கியர் பெட்டி ஒன்றின் விலையோ பல நூறு லிட்டர் பெட்ரோலின் விலை. போட்ட பணத்தைப் பெட்ரோலில் எடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். பெட்ரோலை மிச்சப்படுத்த ஓவர்டிரைவ் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இழப்பு ஏதும் உண்டா? உண்டு. எஞ்சின் இந்தச் சுழற்சிகளில் ஏறத்தாழ 140 நியூட்டன் மீட்டர் வரை தரமுடியும் என்று கொள்வோம். நான்காவது கியரில் சக்கரத்தின் விளிம்பில் அது சுமார் 1,820 நியூட்டன்; ஓவர்டிரைவில் 1,500. சாலைக்குத் தரவேண்டிய 560 போக மிஞ்சுவது 1,260, 940. ஓட்டுநரோடு கார் 1,050 கிலோகிராம். நான்காவது கியரில் எட்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தைச் சமாளிக்கலாம்; ஓவர்டிரைவில் பதினொன்றுக்கு ஒன்று. உள் இழப்புகளைச் சேர்த்தால் இரண்டுமே இன்னும் சற்றுக் குறையும். மோட்டார்வேயில் இத்தகைய ஏற்றங்கள் வருவதில்லை என்பதால் கவலையில்லை. இந்த எஞ்சினின் முறுக்குவிசை உச்சத்தை அடைவதே சுமார் 3,000 சுற்றில் என்பதால் 3,180 அதற்கு மிகவும் இதமான இடம். மாறாக, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கிராமத்துச் சாலையில் ஓவர்டிரைவைப் போட்டால் எஞ்சின் 1,700 சுற்றில் முனகத் தொடங்கும். அங்கே அதனால் ஒரு பயனும் இல்லை.

வேறு வழியே இல்லையா? பின் அச்சின் பற்சக்கரங்களையே மாற்றிவிடலாம். எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய எம்.ஜி.பி.யில் விகிதம் 3.07. அதைப் போட்டால் மோட்டார்வேயில் எஞ்சின் 3,050 சுற்றுக்கு இறங்கும், ஓவர்டிரைவைவிட அமைதி. ஆனால் இது எல்லாக் கியர்களையும் ஒருசேர மாற்றிவிடும். முதல் கியரில் கிளம்பும்போது இழுவிசை 21 விழுக்காடு குறையும். எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு அது பொருட்டில்லை; நான்கு சிலிண்டருக்கு ஒவ்வொரு மேட்டிலும் திணறல். ஓவர்டிரைவின் சிறப்பே, இருப்பதைக் கெடுக்காமல் மேலே ஒன்றைச் சேர்ப்பதுதான். ஃபோர்டு காரின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவோரும் உண்டு. அதன் ஐந்தாவது கியரின் விகிதமும் 0.82தான் என்பதால் இயற்பியலில் வேறுபாடில்லை. பழைய காரின் மூலத்தன்மையைப் போற்றுவோர் அதை விரும்புவதில்லை.

வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓவர்டிரைவை மட்டும் வாங்கிப் பழைய கியர் பெட்டியின் பின்னால் முடுக்கிவிட முடியாது. உள்ளேயுள்ள முதன்மைத் தண்டே வேறு. ஆகவே முழுப் பெட்டியையும் மாற்றுவதே வழக்கம். 1967இன் இறுதியில் கியர் பெட்டியின் அமைப்பு மாறியதால் அதற்கு முந்தைய காரின் பெட்டியும் பிந்தைய காரின் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இந்தக் காரில் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டுமானால் எஞ்சினையும் சேர்த்து வெளியே தூக்கவேண்டும். வேகமானிக்குச் செல்லும் இணைப்பையும் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முள் தவறான வேகம் காட்டக்கூடும். உராய்வைக் குறைக்கும் கலவை எதையும் எண்ணெயில் சேர்க்கக்கூடாது. கூம்பு தன் வேலையைச் செய்வது உராய்வினால்தானே!

நண்பருக்கு நான் சொல்வது இது. முதலில் துரு. இந்தக் காருக்கு லாரியைப்போல் தனிச் சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிகளே அதன் முதுகெலும்பு. அவை அரித்துப்போன காரில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினால் என்ன? சேமிப்பு அதற்கே போகட்டும். கிளட்ச் தட்டு தேய்ந்து எப்படியும் ஒருநாள் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டிவரும். அன்று ஓவர்டிரைவுள்ள பெட்டியாகப் போட்டுவிடலாம். இறக்கி ஏற்றும் கூலி இரண்டு முறை ஆகாது. மாதந்தோறும் லண்டன் போகிறவருக்கு அது தகுந்த செலவே. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பக்கத்து ஊர் வரை ஓட்டுபவராக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அதுவரை அவர் மணிக்கு 70 மைலுக்குப் பதில் 60 மைலில் போகலாம். எஞ்சின் சுமார் 3,330 சுற்றுக்கு இறங்கிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் பெட்ரோலும் ஓவர்டிரைவ் தருவதைவிட அதிகமாகவே மிச்சமாகும். மோட்டார்வேயில் கழியும் நேரம் 86 நிமிடத்திலிருந்து 100 நிமிடமாகும். தாயார் கால்மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

உங்களுக்கு ஒரு கணக்கு. இந்தக் காரின் மூன்றாவது கியரின் விகிதம் 1.382. மூன்றாவது கியரில் ஓவர்டிரைவையும் போட்டு எஞ்சினை 5,000 சுற்று வரை ஓட்டினால் கார் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்? மூன்று விகிதங்களையும் பெருக்க மறந்துவிடாதீர்கள். விடை ஏறத்தாழ 127 என்று வரவேண்டும்.